குரல் மட்டும் பள்ளிக்கூடம் போன வருஷம்

நாலாங்கட்டளை அரசு உயர்நிலைப் பள்ளியைத் தரவையிலிருந்து பெயர்த்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், காந்திமதிநாதன் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த நகரின் நடுவில் கொண்டுபோய் வைத்த வருஷத்தில்தான், உப்பளக் குடியிருப்புப் பிள்ளைகளின் குரல்கள் உடம்பை வீட்டில் விட்டுவிட்டுத் தாங்களாகவே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தன. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. அதிசயப்பட வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது, அதற்குத்தான் ஒருத்தரும் அதிசயப்படவில்லை.

தரவை என்பது ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடந்த வெள்ளை நிலம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் உப்பு, மற்றபடி எதற்கும் ஆகாது என்பதால் முன்னொரு காலத்தில் யாரோ அதில் பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டார்கள். அப்படிக் கட்டிவிட்டதால் ஊர்ப் பிள்ளைகள் மேற்கிலிருந்தும் குடியிருப்புப் பிள்ளைகள் கிழக்கிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம் நடந்து, ஒரே மணிக்கு, ஒரே பெஞ்சில் வந்து உட்கார வேண்டியதாயிற்று. ஊரை உறுத்தியது அந்த ஒரே பெஞ்சுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் வம்பு. ஆகையால் தரவையில் தண்ணீர் நிற்கிறது என்றார்கள், பாம்பு வருகிறது என்றார்கள், சுவரில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள், உப்பளத்துப் பிள்ளைகள் நடந்தால் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கால்தடம் விழுகிறது, எத்தனை தடவை கூட்டினாலும் போக மாட்டேன் என்கிறது என்றும் ஒரு மகராசன் சொன்னான். காந்திமதிநாதன் தன் மனைகளுக்கு நடுவே பள்ளிக்கூடத்துக்கு இலவசமாக இடம் தருகிறேன் என்று பெருந்தன்மையோடு முன்வந்தார். மறுநாளே அவருடைய விளம்பரப் பலகையில் ‘பள்ளிக்கூடம் மிக அருகில்’ என்று எழுதியாகிவிட்டது, மனை விலையும் ஏறிவிட்டது.

பள்ளிக்கூடத்தை நகர்த்தினால் எல்லையையும் நகர்த்த வேண்டுமல்லவா, அதற்காக ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்கு, ஊர்க் கல்யாண மண்டபத்தில். அந்த நேரத்தில் குடியிருப்பு ஜனம் முழுக்க உப்புப் பாத்தியில் நிற்கும் என்பது கூட்டம் போட்டவர்களுக்குத் தெரியும்; தெரிந்துதான் போட்டார்கள். சண்முகக்கனி மட்டும் உப்பு வாரும் பலகையை வரப்பில் போட்டுவிட்டு, காலில் ஒட்டிய உப்பைக் கழுவக்கூட நிற்காமல் ஓடி வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். சுவரில் படம் மாட்டியிருந்தது. தண்டவாளத்தை ஒட்டி நீல மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேற்கே இருக்கிற பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடம், கிழக்கே இருக்கிற பிள்ளைகள் நாலுவழிச் சாலையைத் தாண்டிக் கல்லூரணிப் பள்ளிக்கூடம் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

கனிக்கு ஒரே மகள், பிரம்மசக்தி. ஒன்பது முடித்துப் பத்துக்குப் போக நின்றாள். குடியிருப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிற பெண்பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்பது கனிக்குத் தெரிந்த விஷயம்தான். மில் ஏஜெண்டு வெள்ளை வேனில் வருவான், அட்வான்ஸ் பேசுவான், ஏற்றிக்கொண்டு போவான்; போன பிள்ளை மூன்று நாலு வருஷம் கழித்து நெஞ்சில் பஞ்சு அடைத்த இருமலோடு திரும்பி வரும். கல்லூரணி என்ற பேரைக் கேட்டதுமே கனிக்கு அந்த வேனின் ஹாரன்தான் காதில் கேட்டது.

“யம்மா, ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

“கேளுங்கம்மா” என்றார் அதிகாரி.

“எம் மவ ஆறாப்புலேருந்து தெனமும் காலையில உள்ளே இருக்கேன் ஐயா, உள்ளே இருக்கேன் ஐயான்னு சொல்லிக்கிட்டுதான் இருக்கா. சார்வாளும் சரின்னு கேட்டுக்கிட்டுதான் இருக்காவ. உள்ளே இருக்க புள்ளைய இப்பம் கோட்டுக்கு வெளிய தள்ளுதியளே, இது என்ன ஞாயம்?”

கனி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. காலையில் பாத்திக்குக் கஞ்சி கொண்டு போகும்போது பள்ளிக்கூடத்துச் சன்னல் வழியாக ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறாள். தாங்கள் பத்திரமாக உள்ளே வந்து சேர்ந்துவிட்டோம் என்று பிள்ளைகள் வாத்தியாரிடம் சொல்வதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். மகள் குரல் அந்த வரிசையில் வருகிறவரைக்கும் சன்னலோரம் நின்று, வந்ததும் நிம்மதியாகக் கஞ்சித் தூக்கோடு நடப்பாள்.

அதிகாரி சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம், திருத்தும் சிரிப்பு. “அது உள்ளேன் ஐயாம்மா. உள்ளே இருக்கேன்னு அர்த்தம் இல்லை. உள்ளேன்னா இருக்கிறேன், வந்திருக்கிறேன்னு அர்த்தம்.”

மண்டபம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அதுதான் கெட்ட சிரிப்பு.

“சரி, இருக்கான்னே வச்சுக்கிடுவோம். இருக்க புள்ளைய எப்பிடி இல்லன்னு கோடு போடுவீய?”

சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்று கூட்டம் முடிந்தது. கனி வெளியே வந்தபோது மண்டபத்துக்காரன் ஈரத்துணியை வைத்து அவள் கால்தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் மாதம் புதுப் பள்ளிக்கூடம் திறந்த அன்று, குடியிருப்புப் பிள்ளைகள் கல்லூரணி பஸ்ஸுக்காக நாலுவழிச் சாலையின் ஓரத்தில் வரிசையாய் நின்றார்கள், பஸ் வரவில்லை, உப்பு லாரிகள் மட்டும் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு வந்தன போயின, கனி பிள்ளைகளை மண் பக்கமாக இழுத்து இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தாள். அப்போது கடைசியில் நின்ற பையன் வாய் திறந்தான், மூடினான், சத்தம் வரவில்லை. அவனை அடுத்தவள் வாய் திறந்தாள், மூடினாள். இப்படி ஒவ்வொருவராக. பிரம்மசக்தியும் நிமிர்ந்து நின்று, கையைக் கட்டி, வாய் திறந்து ஏதோ சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவர்கள் மாதிரி இருந்தது. தண்ணீர்த் தாகமாக இருக்கும் என்று கனி தூக்கைத் திறந்து நீட்டினாள்.

அதே நேரத்தில் புதுப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் ஞானதுரை சார் பத்தாம் வகுப்புக்குப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாலமுருகேஸ்வரி என்றார், உள்ளேன் ஐயா என்று அந்தப் பெண் எழுந்தாள். அடுத்த பேர் பேராச்சிமுத்து. அதைக் கூப்பிட அவர் வாயெடுப்பதற்குள், முன்பு பிரம்மசக்தியின் பேர் இருந்த அந்த இடைவெளியில், பாலமுருகேஸ்வரிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்திலிருந்து கணீரென்று ஒரு குரல், “உள்ளேன் ஐயா.” ஞானதுரை சாருக்குக் குரல் தெரியும், நாலு வருஷமாகக் கேட்ட குரல். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “உட்காரு” என்றார், பழக்க தோஷம். எடுத்த ஒவ்வொரு பேருக்கும் நடுவில், அடித்துவிட்ட ஒவ்வொரு பேரும் இருந்த இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது, ஏழாம் வகுப்பிலும் அப்படியே, எட்டிலும் அப்படியே.

ஊர் சும்மா இருக்குமா? பேருக்கும் பேருக்கும் நடுவே மூச்சுவிடாமல் கூப்பிடச் சொன்னார்கள், குரல்களும் மூச்சுவிடாமல் சொல்லின. கீழிருந்து மேலாகக் கூப்பிடச் சொன்னார்கள், குரல்களும் கீழிருந்து மேலாக வந்தன. பேர் வேண்டாம், நம்பர் கூப்பிடுங்கள், பிள்ளைகள் ‘எஸ் சார்’ என்று சொல்லட்டும் என்றார்கள். ஊர்ப் பிள்ளைகள் எஸ் சார் என்றார்கள், குரல்கள் மட்டும் பிடிவாதமாக உள்ளேன் ஐயா என்றன. பூசாரி வந்து எலுமிச்சம்பழம் அறுத்தார், உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார், தர்காவிலிருந்து தகடு வந்தது. காந்திமதிநாதன் டவுனிலிருந்து ஒலிபெருக்கிக் கடைக்காரனைக் கூட்டிவந்து சுவரெல்லாம் தட்டிப் பார்க்க வைத்தார். சுவர் சரியாக இருக்கிறது அண்ணாச்சி, ஆள்தான் குறைகிறது என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். பிறகு, மனுஷ சுபாவம் அப்படித்தானே, பழகிவிட்டது. சில பெற்றோர் பிள்ளைகளின் காதுக்குப் பஞ்சு கொடுத்து அனுப்பினார்கள். பாலமுருகேஸ்வரி மட்டும் பெஞ்சில் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடத்தை யாருக்கும் விடாமல் வைத்திருந்தாள்.

குடியிருப்பிலும் பழகிவிட்டது. கல்லூரணிக்குப் போய்வந்த பையன் ஒருவனை லாரி உரசி, அவன் பை சக்கரத்தில் சிக்கி நார்நாராகக் கிழிந்த பிறகு, ஒரு தாயும் பிள்ளையை அந்தச் சாலைக்கு அனுப்பவில்லை. காலையில் பேர் கூப்பிடும் வேளை வந்தால் தாய்மார் பிள்ளைகளின் வாயில் சோற்றை ஊட்டாமல் நிறுத்தி வைத்தார்கள், கடைக்காரர் சாமான் என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்க மாட்டார், தண்ணீர் லாரியில் குடம் வைத்திருக்கும் பிள்ளை நிமிர்ந்து கை கட்டினால் பின்னால் நிற்கிறவர்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வரட்டும் என்பார்கள். பிள்ளை வாயை மூடியதும் குரல் திரும்பிவிடும், கொஞ்சம் களைத்த குரலாக. என்ன நடத்தினாங்க என்று கேட்டால், பேர் கூப்பிட்டதும் திரும்பிட்டேனே என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

கனியின் புருஷன் கொம்பையா லோடுமேன். “கொரலாவது போவுதுல்லா, அந்தமட்டுக்குப் பெருமைதான்” என்றான் ஒருநாள்.

கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கொரலுக்கா மார்க்குப் போடுவான்? கொரலையா பரீட்சை ஹால்ல உக்கார வைப்பான்?”

“அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? ஏஜெண்டு நேத்தும் வந்துட்டுப் போனான். மில்லுல சோறும் போட்டு, தங்க எடமும் குடுக்கானாம்.”

“அப்பம் நீ போயித் தங்கு.”

கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கனிக்கு அவன்மேல் இருந்ததைவிட நூறு மடங்கு ஆத்திரம் அந்த நீலக் கோட்டின்மேல் இருந்தது. ஒரு மனுஷி குச்சியால் தொட்டுக் காட்டிய கோடு, மழையில் அழியாது, காலால் தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது தரையிலேயே இல்லை. பாத்தியில் உப்பை வாரும்போதெல்லாம் அந்தக் கோட்டை வாருவதாக நினைத்துக்கொண்டுதான் வாரினாள்.

இப்படிக் காலாண்டு போய் அரையாண்டும் நெருங்கியபோது, ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. காந்திமதிநாதன் மனை வாங்கியவர்களிடம், பள்ளிக்கூடம் சீக்கிரமே மேல்நிலைப் பள்ளியாகிவிடும், பிளஸ் டூ வரை வாசலிலேயே படிக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். தரம் உயர்த்த வேண்டுமென்றால் இத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று அரசாங்கத்தில் ஒரு கணக்கு உண்டு. உப்பளத்துப் பிள்ளைகளை வெளியே தள்ளிய பிறகு அந்தக் கணக்கு எங்கே எட்டும்? அப்போதுதான் காந்திமதிநாதனுக்கு அந்த யோசனை வந்தது. தினமும் காலையில் உள்ளேன் ஐயா என்று சொல்கிறதே, அதையெல்லாம் சேர்த்து எண்ணினால் என்ன? வந்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம், அதிகாரியம்மாவே மண்டபத்தில் சொன்னார்களே! ஞானதுரை சார் முடியாது என்றார், பிறகு முணுமுணுத்தார், பிறகு எழுதினார். நடந்தால் தரை அழுக்காகும் என்று காலை வேண்டாம் என்றவர்கள், பெஞ்சு பொதுவாகும் என்று உடம்பை வேண்டாம் என்றவர்கள், குரலை மட்டும் கூச்சமில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஆனால் அதிகாரியம்மா கருமமே கண்ணானவர். குரல் போதாது, தலையைக் காட்டுங்கள், நானே வந்து பேர் கூப்பிட்டு எண்ணுகிறேன் என்று தேதி குறித்துவிட்டார்.

அதற்கு முந்தின நாள் காந்திமதிநாதன் குடியிருப்புக்கு வந்தார். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் கால் வைக்காதவர், வெள்ளை வேட்டியை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கனியின் வீட்டு வாசலில் நின்றார். கையில் புதுச் சீருடைப் பொட்டலம்.

“என்னம்மா, சௌக்கியமா இருக்கீயளா? நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் புள்ளைகள அனுப்பி வைங்க. வேன் வரும். மத்தியானம் பிரியாணி. சீருடைய திருப்பித் தரவேண்டாம், அதுவளே வச்சுக்கிடட்டும்.”

“நாளான்னைக்கு?” என்றாள் கனி.

“நாளான்னைக்கு உள்ளதப் பொறவு பாத்துக்கிடலாம்.”

“பாத்திரம் பண்டம் இரவல் கேட்டு வருவாவ, பாத்திருக்கேன். புள்ளைய இரவல் கேட்டு வந்தது நீங்கதான் அண்ணாச்சி. உங்களுக்கு வெக்கமா இல்ல?”

காந்திமதிநாதன் கோபப்படவில்லை, வேலை ஆக வேண்டியிருந்தது. கொம்பையாதான் பதறிப்போய், “ஏ, சும்மா கெட. ஊர்ப் பெரியாள் வாசல் தேடி வந்திருக்காவ” என்றான். பெரியாள்! கனி முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொட்டலத்தை வாங்கித் தெருவில் வீசத்தான் அவள் கையை நீட்டினாள், அதற்குள் பிரம்மசக்தி வந்து வாங்கிக்கொண்டாள்.

“நான் போறேன்மா.”

“ஏட்டி!”

“தெனமும் என் சத்தம் எங்க போயி உக்காந்துட்டு வருதுன்னு ஒரு நாளாவது பாக்கணும்லா.”

கனி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மில் வேன் மாதிரியே ஒரு வெள்ளை வேன் வந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போயிற்று. கனி வேன் போன திசையில் ஒரு பிடி மண்ணை வாரி இறைத்தாள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு தரவை வழியாகப் பாத்திக்கு நடந்தாள். பழைய பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. கால் தன்னால் அந்தச் சன்னலோரம் நின்றது. இத்தனை வருஷமாக நின்ற இடம்.

அப்போது உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. உள்ளேன் ஐயா. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கனி தூக்கைக் கீழே வைத்தாள். எல்லாம் குடியிருப்புப் பிள்ளைகளின் குரல்கள், ஒவ்வொன்றும் யார் வீட்டுக் குரல் என்று அவளுக்குத் தெரியும். பூட்டிய அறைக்குள் பழைய வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து எழுந்து சொல்லி உட்கார்ந்தன. காந்திமதிநாதன் இரவல் வாங்கிக்கொண்டு போனது உடம்பைத்தான். குரல் இரவலுக்குப் போகவில்லை. பிரம்மசக்தியின் குரலும் வந்தது. வழக்கமாக அந்தக் குரலைக் கேட்டதும் வரும் நிம்மதி அன்று வரவில்லை. கனி தரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். கோட்டை உடைக்க முடியாது, பூட்டை உடைக்கலாம். உடைத்தாள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பிரம்மசக்தி பின்னால் சொன்னாள். அதிகாரியம்மா பேர் கூப்பிட்டாராம். ஊர்ப் பிள்ளைகள் பதில் சொன்னார்களாம். உப்பளத்துப் பிள்ளைகள் புதுச் சீருடையில் எழுந்து, கை கட்டி, வாய் திறந்தார்களாம், ஒரு சத்தமும் வரவில்லையாம். வெறும் வாயைத்தான் எண்ணச் சொல்கிறீர்களா என்று அதிகாரி காந்திமதிநாதனைக் கேட்டாராம். சத்தமா சொல்லு, சத்தமா சொல்லு என்று காந்திமதிநாதன் பிள்ளைகளின் முதுகில் தட்டியிருக்கிறார். பிரம்மசக்தி அவர் கையைத் தள்ளிவிட்டு, பாலமுருகேஸ்வரி காத்து வைத்திருந்த இடத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்து நடந்திருக்கிறாள். தன் சத்தம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம், பல் வலித்தால் எந்தப் பல் என்று தெரிகிற மாதிரி. அவள் பின்னால் மற்ற பிள்ளைகளும் போனார்கள்.

கனி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தரவையில் வரிசை தெரிந்தது. முன்னால் பிள்ளைகள், பின்னால் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு ஞானதுரை சார், அதற்கும் பின்னால் அதிகாரியின் ஜீப். காந்திமதிநாதனைக் காணவில்லை. பிள்ளைகள் வந்து அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். தரையில் உப்புக் கால்தடம் விழுந்தது, துடைக்க யாரும் வரவில்லை.

“பூட்டை உடைச்சது யாரு?” என்று அதிகாரி வாசலில் நின்றபடி கேட்டார்.

“நாந்தான்.”

“இந்தப் பள்ளிக்கூடம் இப்போ கணக்குலயே இல்லைம்மா.”

“புள்ளைக இருக்குல்லா” என்றாள் கனி.

ஞானதுரை சார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். குரல்களை எண்ணி எழுதிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கரும்பலகைக்கு முன்னால் நின்று, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அடித்துவிட்ட பேர்களை மனசிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். பிரம்மசக்தி என்றார். பிள்ளை எழுந்து கை கட்டி வாய் திறந்தாள். கனி மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வாயையே பார்த்தாள். வாய் அசைந்தது, அந்த வாயிலிருந்தே சத்தமும் வந்தது.

“உள்ளேன் ஐயா.”

கனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

“இப்பம் சொல்லுங்கம்மா” என்றாள். “உள்ளேன்னா என்ன அர்த்தம்?”

அதிகாரியம்மா வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.